கேசட் நின்ற இடம்

கேட்டவருக்கு வயது இருபத்தாறு. பெரிய நடிகர்களின் புதுப்படம் என்றால் முதல் வாரமே பார்த்துவிடுவாராம். அதற்கு வெளியே தமிழில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பு, த்ரில்லர், பேய், காதல் என்று வகைக்கு ஒன்றிரண்டு சொல்லுங்கள், கருப்பு வெள்ளை என்றாலும் பரவாயில்லை, அழுகாச்சிப் படம் மட்டும் வேண்டாம் என்கிறார்.

பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்று. 1991-லிருந்து ஐந்தாறு வருடம் காரைக்குடியில் ஒரு வீடியோ கேசட் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் வாடகை பத்து ரூபாய். நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றாமல் திருப்பித் தந்தால் இரண்டு ரூபாய் அபராதம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். ஒருத்தரும் சுற்றித் தரமாட்டார்கள், அபராதமும் தரமாட்டார்கள். சாயங்காலம் வந்து குவியும் கேசட்டுகளை ஒவ்வொன்றாக மிஷினில் போட்டுச் சுற்றி வைப்பது என் வேலை.

அப்படிச் சுற்றும்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் நாடா எந்தப் பக்கம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். மொத்தமும் வலது பக்கம் போயிருந்தால் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். நடுவில் நின்றிருந்தால் தூங்கிவிட்டார்கள், இல்லை வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். 'படம் சூப்பர் தம்பி' என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே முக்கால் படத்தைப் பாக்கி வைத்துத் தருவார்கள். நான் வாயைக் கேட்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தேன். கீழே சொல்லியிருக்கும் பழைய படங்கள் எல்லாம் அந்தக் கண்ணாடியில் தேறியவை. ஒரே ஒரு படம் தேறவில்லை, அதை ஏன் சேர்த்தேன் என்று அங்கே சொல்கிறேன்.

முதலில் சிரிப்பு. தேர்ந்தெடுக்க யோசிக்கவே வேண்டாம், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). அறுபது வருடப் படம். ஈஸ்ட்மென் கலரில் ஆழியாறு அணைப் பக்கம் எடுத்தது. கதை என்று பார்த்தால் காதலுக்காக ஆள்மாறாட்டம், அவ்வளவுதான். ஆனால் பாலையாவும் நாகேஷும் அப்பா பிள்ளையாக வருகிறார்கள். மகனுக்கு 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்துப் படம் எடுக்க ஆசை. அப்பாவிடம் பணம் பிடுங்க வேண்டும். அதற்காக ஒரு மர்மக் கதையை அவருக்குச் சொல்கிறார். இருட்டு, காற்று, கதவு திறக்கும் சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே போடுகிறார். அந்தக் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை எல்லோரையும் போல நாகேஷைப் பார்ப்பீர்கள். இரண்டாம் தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அங்கே வசனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பண்ணை முதலாளி முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பையன் முகமாக ஆகிக்கொண்டே வரும். நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து மிரளுவார். கதை சொல்கிறவரைவிடக் கேட்கிறவர்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறார் என்பது எனக்கு உறைக்க நாலைந்து வருடம் ஆயிற்று.

அடுத்து 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். நாலு கமல். ஒரு எச்சரிக்கை: சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் படம் இல்லை இது, ஒரு சிரிப்பில் அடுத்த மூன்று வசனம் அடித்துக்கொண்டு போய்விடும். பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரன் வரும் பகுதிகள்தான் எனக்கு உயிர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. சைவப் பந்தி. அதைச் சமாளிக்க அவர் படும் பாட்டில் மலையாள வாடை அடிக்கும் தமிழ், இரட்டை அர்த்தமே இல்லாத சுத்தமான சொல் விளையாட்டு, கமலின் அப்பாவியான முகம் எல்லாம் ஒன்றாக ஓடும். கடையில் இந்தப் படத்துக்கு நாலு பிரதி வைத்திருந்தோம். நாலும் தேய்ந்தன. சில கேசட்டுகள் அந்தச் சாம்பார்க் காட்சி வரும் இடத்தில் மட்டும் கோடு கோடாக ஓடும், அவ்வளவு தடவை பின்னால் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

புது ஆட்களின் சிரிப்பு வேண்டுமென்றால் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012). கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் விளையாடப் போன மாப்பிள்ளை கீழே விழுந்து தலையில் அடிபட்டு, சமீபத்து ஞாபகம் மொத்தத்தையும் தொலைத்துவிடுகிறான். காதலித்துக் கட்டப்போகும் பெண்ணையே யாரென்று தெரியவில்லை. இது நிஜமாக நடந்த கதை. நடந்தது அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே. பின்னால் '96' எடுத்தாரே, அதே பிரேம்குமார்தான். விஜய் சேதுபதி சொன்னதையே சொல்வதில்தான் படத்தின் மொத்தச் சிரிப்பும் இருக்கிறது. முதல் அரைமணி நேரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷன் மேடையில் ஏறியதும் உங்களை விடாது.

இனி துப்பறியும் கதை. இங்கேதான் பழைய படம் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் மருந்து வருகிறது. 'அந்த நாள்' (1954). வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவிஎம் தயாரிப்பு. படம் ஆரம்பித்ததும் துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். கதாநாயகன் முதல் காட்சியிலேயே காலி. அதற்கப்புறம் ஜாவர் சீதாராமன் சிஐடி அதிகாரியாக வந்து மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் செத்தவர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். படத்தின் திரைக்கதை வசனமும் ஜாவருடையதுதான். ஜப்பானிய அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' கொடுத்த பொறி என்பார்கள், பொறி அங்கிருந்து வந்தாலும் எரிந்தது நம்மூர் விறகு. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதே, அந்தச் சமயத்தில் நடக்கும் கதை. தெருவில் பீதி, ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள், வீட்டுக்குள் ஒரு பிணம்.

இதில் பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டை கிடையாது. ஒரு படத்தில் முப்பது நாற்பது பாட்டு என்றிருந்த காலம் முடிந்து அதிக நாள் ஆகாத சமயம் அது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் 'வகை' என்பது நம் சினிமாவில் லேசில் அகப்படாது. நம் படம் கதம்பம். கொலைப் படத்திலும் ஒரு டூயட் இருக்கும், பேய்ப் படத்திலும் காமெடி டிராக் இருக்கும். ஒரு இயக்குநர் பாட்டைத் தூக்கி வெளியே போடும்போதுதான் இது இந்த வகைப் படம், வேறெதுவும் இல்லை என்று அடித்துச் சொல்கிறார் என்று அர்த்தம். 'அந்த நாள்' தொடங்கி, பி.சி. ஸ்ரீராமின் 'குருதிப்புனல்' (1995), தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011), மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) என்று எடுத்துப் பாருங்கள். நாலிலும் பாட்டு இல்லை. நாலும் உங்களுக்கான த்ரில்லர் பட்டியல்.

'குருதிப்புனல்' பற்றி அதிகம் சொல்லவேண்டாம், போலீஸ் படம் என்றால் விரட்டலும் பறக்கும் காரும் என்று நினைப்பவர்கள் கமலும் நாசரும் ஒரு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கவேண்டும். 'ஆரண்ய காண்டம்' வெளிவந்தபோது தியேட்டரில் ஆள் இல்லை. அப்புறம் முதல் பட இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வந்தது. வடசென்னையில் ஒரே நாளில் நடக்கிற ரவுடிக் கதை, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, அதனால் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். ஆனால் அதில் ஒரு குடிகார அப்பனும் அவனுடைய சின்னப் பையனும் வருகிறார்கள். அப்பாவை உனக்கு ரொம்பப் பிடிக்குமா என்று பையனிடம் கேட்கும்போது அவன் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதினால் பாவம்.

'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' நடுராத்திரியில் ஆரம்பிக்கிறது. ரோட்டில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனை ஒரு மருத்துவ மாணவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், பேராசிரியரிடம் போனில் கேட்டுக் கேட்டு, தானே அறுவை சிகிச்சை செய்கிறான். யாருக்கு உயிர் கொடுத்தோம் என்று மறுநாள்தான் தெரிகிறது. படத்தின் ரகசியம் முழுவதும் கடைசிப் பக்கமாக ஒரு கல்லறைத் தோட்டத்தில், ஒரு குழந்தைக்குச் சொல்லும் ஓநாய்க் கதையாக வெளிவருகிறது. குண்டடிபட்டவனாக நடித்திருப்பதும் மிஷ்கின்தான், கேமரா வெட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மிஷ்கின் படங்களில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டே நிற்பது எனக்கு எரிச்சல்தான். இதில் அந்த எரிச்சல் வரவில்லை. இளையராஜாவின் பின்னணி இசைக்காகவே ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.

பேய்க்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், 'யாவரும் நலம்' (2009). விக்ரம் குமார் இயக்கம், மாதவன் நடித்தது. பேய்ப் படம் என்றால் வெள்ளைப் புடவை, விரித்த தலை, பங்களா என்று பழகிய நமக்கு இதில் வருவது புதிதாகக் கட்டிய பளபளக்கும் அடுக்குமாடி. கூட்டுக் குடும்பமாக 13பி என்ற வீட்டுக்குக் குடிவருகிறார்கள். தினமும் பால் திரிகிறது. லிப்டில் யார் ஏறினாலும் ஓடுகிறது, மாதவன் தனியாக ஏறினால் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில் ஒரு சீரியல். அதில் ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது. இங்கே நடப்பதெல்லாம் அங்கே நடக்கிறது, பிறகு அங்கே நடப்பது இங்கே நடக்க ஆரம்பிக்கிறது. நம் வீடுகளில் மத்தியானச் சீரியல் ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாரும் முகம் கொடுத்துப் பார்க்காவிட்டாலும் ஓடும். அதற்குள்ளேயே பேயைக் கொண்டுபோய் உட்காரவைத்த யோசனைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். படம் பார்த்த மறுநாள் எங்கள் வீட்டில் பால் திரிந்தது. ஜூன் மாத வெயில்தான் காரணம். ஆனாலும் என் மனைவி டிவியை ஒரு மணிக்கு அணைத்துவிட்டாள்.

காதல். 'மௌன ராக'த்தை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. நான் சொல்ல வருவது காதல் படமே இல்லை என்று பலர் சண்டைக்கு வரக்கூடிய ஒன்று, ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. 1978 தீபாவளிக்கு வந்தது. ரஜினியும் கமலும் இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஆனால் படம் ஸ்ரீப்ரியாவுடையது. மஞ்சு என்ற பெண் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதலாளி ரஜினி நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டு பெண்களைப் பற்றித் தத்துவம் பேசுகிறார். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த கமல் ரொம்ப நல்லவர், படித்தவர், மரியாதை தெரிந்தவர். இரண்டு பேரில் யார் அவளுக்கு அதிகத் தீங்கு செய்தது என்று படம் முடிந்து இரண்டு நாள் கழித்து யோசியுங்கள். கடைசியில் ஓடும் காருக்குள் மஞ்சு இன்னொரு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்பாள். அந்தப் பெண் வெகுளியாக ஒரு பதில் சொல்வாள். அத்தோடு சரி. ரஜினி படம் என்று நினைத்து எடுத்துப்போய்ப் பத்தே நிமிடத்தில் நிறுத்திய கேசட்டுகளும் உண்டு. எடுத்த ஒரு பெண் வாத்தியார் மூன்று நாள் வைத்துக்கொண்டு மூன்று நாள் வாடகையையும் கொடுத்ததும் உண்டு.

இப்போது தேறாத படம். பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). கண்ணாடியில் பார்த்தால் எப்போதும் பாதியில்தான் நின்றிருக்கும். அழுகாச்சி வேண்டாம் என்றீர்கள், ஆனால் இது அழுகாச்சி இல்லை. யாரும் மாரில் அடித்துக்கொண்டு அழமாட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சுதா என்ற வேலைக்குப் போகும் பெண், தாத்தா, தங்கை, காதலன் எல்லோருமாகச் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டத் துணிகிறார்கள். அவ்வளவுதான் கதை. லோன், பிளான் அனுமதி, ஆபீஸில் தள்ளவேண்டிய லஞ்சம், சிமெண்ட் மூட்டையில் கைவைக்கும் கான்ட்ராக்டர். சுவர் ஒரு அடி உயர்ந்தால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது, மழை பெய்தால் வயிற்றைப் பிசைகிறது. எந்த த்ரில்லரும் என்னை இப்படி நுனியில் உட்காரவைத்ததில்லை. இதிலும் பாட்டு இல்லை. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பழைய நாடக நடிகர். கட்டி முடியாத வீட்டுக்குள் அவர் தனியாக நுழைந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் இளையராஜா இசை மட்டும்தான் பேசும். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஏன் பாதியில் நின்றது? வீடியோ கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது வாடகை வீட்டுக்காரர்கள், இல்லை பாதி கட்டி நிறுத்தியவர்கள். ஒரு மேஸ்திரி எடுத்துப்போய்விட்டு மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து வைத்தார். 'நாள் பூரா பாக்குறதை ராத்திரியும் பாக்கணுமாக்கும்' என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை அந்தப் படத்துக்கு நான் கேட்டதில்லை. உங்களுக்கு இன்னும் வீட்டுக்கடன் ஆரம்பிக்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இதே பக்கத்தில் இன்னும் மூன்றைச் சேர்க்கலாம். மூன்றும் சமீபத்தியவை. மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015), பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு குப்பத்துப் பையன்கள், விழுந்து விழுந்து சிரிக்கலாம். அதே மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காகக் கேஸில் மாட்டிக்கொள்ளும் மாயாண்டி என்ற கிழவர், தான் உள்ளே இருந்தால் பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று கவலைப்படுகிறார். விளைவு, ஒரு போலீஸ்காரர் தினமும் போய் வயலுக்குத் தண்ணீர் விடவேண்டியதாகிறது. லத்தி பிடித்த கை மண்வெட்டி பிடிக்கப் பழகுவதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும். மாயாண்டியாக வந்த நல்லாண்டி நிஜ விவசாயி, படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். மூன்றாவது வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. வெயிலில் ஒரு அப்பனும் மகனும் நடக்கிறார்கள், ஒன்றேகால் மணி நேரம். படம் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேசட் இல்லை. ஆனாலும் ஓடிடியில் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு கோடு ஓடுகிறதே, எதுவரை பார்த்தோம் என்று காட்ட, அதுதான் அந்தப் பழைய கண்ணாடி. என் மகனின் கணக்கைத் திறந்து அந்தக் கோடுகளைப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. இருபது நிமிடத்தில் நின்ற படங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. 'யாவரும் நலம்' முழுக் கோடு. 'அந்த நாள்' முழுக் கோடு, நான் கட்டாயப்படுத்தவே இல்லை.

கடைசியாக இசைப் படம். பாட்டில்லாத படங்களாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், பாட்டே படமாக இருக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் காரைக்குடியில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, நாட்டியக்காரி மோகனாவாகப் பத்மினி. வாசித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னம் உப்புவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்தால் அவர் வாசிக்கவில்லை என்று சத்தியம் பண்ணமுடியாது. வைத்தியாக வரும் நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமா, தவில்காரராகப் பாலையா. இரண்டு கர்வக்காரர்கள் ஒருவரையொருவர் ஜெயிக்கப் பார்க்கிறார்கள், அதற்கிடையில் காதலும் நடக்கிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

இந்தக் கேசட்டை மாதம் ஒரு தடவை வாடகைக்கு எடுக்கும் ஒரு பெரியவர் இருந்தார். கோயில்களில் தவில் வாசித்தவர் என்று சொல்வார்கள், என்னிடம் அவர் எதுவும் பேசியதில்லை. பத்து ரூபாயை மடித்து மேஜையில் வைப்பார், கேசட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போவார். மறுநாள் திருப்பித் தருவார். அவர் தரும் கேசட் ஒரு தடவைகூட முடிவில் நின்றதில்லை. ஆரம்பத்தில், வயசானவர், தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் கவனித்தேன், எல்லா மாதமும் நாடா ஒரே அளவில்தான் நிற்கிறது. ஒருநாள் சுற்றுவதற்கு முன்னால் அப்படியே ஓடவிட்டுப் பார்த்தேன். காயம்பட்டுத் தேறி வந்த சண்முகசுந்தரம் எதிரே உட்கார்ந்திருக்க, மோகனா 'நலந்தானா' பாடி முடித்த இடம்.

அன்றிலிருந்து அந்தக் கேசட்டை மட்டும் நான் ஆரம்பம்வரை சுற்றி வைக்கவில்லை. கொஞ்சம் மட்டும் பின்னால் சுற்றி, பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி அலமாரியில் வைத்தேன். அடுத்த மாதம் எடுத்துப்போனார். மறுநாள் வந்து கேசட்டோடு இரண்டு ரூபாயும் வைத்தார்.